புதியோர்க்கு வழிகாட்டல் பழையோர் கடன்

ஒரு கூட்டம் நெடுங்காலம் நிலைபெறுமோ, விரைவில் மறையுமோ என அறிய விரும்புவோர் அக்கூட்டத்தின் தலைவர்களை நோக்க வேண்டியதில்லை. நேற்று அங்கு வந்து சேர்ந்தவர் எவ்வாறு நடத்தப்படுகின்றார் என்பதை நோக்கினாற் போதும். இவ்வுண்மை கல்லூரிக்கும் பொருந்தும், சங்கத்துக்கும் பொருந்தும், இற்றைநாளில் உலகெங்கும் பரந்துள்ள இணைய உரையாடற் குழுக்களுக்கும் பொருந்தும். இவற்றுள் இறுதியிற் கூறியதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். விழா மலரிலே இப்பொருள் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். எமது பழைய மாணவருட் பலர் இன்று ஒருவரையொருவர் சந்திப்பது மண்டபத்திலன்று; கைத்தொலைபேசியிலேயே. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் ஒரே வட்ஸ்அப் குழுவிலே கூடிப் பேசுகின்றனர். ஆதலின் இஃது அயலார் கதையன்று. எம் வீட்டுக் கதையே.

கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவனுக்கு வழிகாட்டப் பல பொருள்கள் உள. மணியோசை அவனை எழுப்பும். வரிசை அவனை நிறுத்தும். மாணவ முதல்வரின் பார்வை அவனை அடக்கும். பக்கத்திலிருப்பவனின் நடத்தை எஞ்சியதைக் கற்பிக்கும். இணையக் குழுவிலோ சுவருமில்லை, மணியுமில்லை. எதைக் கேட்கலாம், எது முன்னரே முடிந்த வழக்கு, எவர் எவரோடு விளையாட்டாகப் பேசுகின்றார், எச்சொல் பழைய புண்ணைக் கிளறும் என்பனவெல்லாம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. முகம் காணாத இடத்திலே சுருங்கிய விடை சினமாகத் தோன்றும்; நகை இகழ்ச்சியாகத் தோன்றும். இவையனைத்தினும் கொடியது மௌனம். ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுதுகின்றார், விடையில்லை. எவரும் அதனைக் கண்டிலரோ, கண்டும் பொருட்படுத்திலரோ, தாம் பிழையாக ஏதும் உரைத்துவிட்டோமோ என அவர் மயங்குகின்றார். மறுமுறை அவர் எழுதுவதில்லை. அவர் விலகியதைக்கூட எவரும் அறிவதில்லை.

இத்துறையிலே வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. அமெரிக்காவிலே வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1979 ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தின்படி, மறு ஆண்டிலே யூஸ்நெற் என்னும் உரையாடற் களம் தோன்றிற்று. கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றுக்கொன்று செய்திகளைக் கைமாற்ற, பொருள்வாரியாக அமைந்த குழுக்களிலே மக்கள் உரையாடினர். ஆண்டுதோறும் செப்ரெம்பர் மாதத்திலே பல்கலைக்கழகங்களிற் புதுமாணவர் வந்து சேர்வர். குழுக்களில் ஒழுங்கறியாப் பேச்சு மலியும். பழையோர் சிறிது காலம் பொறுத்து முறைமைகளை உணர்த்துவர். புதியோரும் விரைவிற் பழகிக்கொள்வர். பின்னர் வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்க்கும் இவ்வாயிலைத் திறந்தன. 1994 ஆம் ஆண்டிலே அமெரிக்கா ஒன்லைன் நிறுவனமும் அவ்வாறே செய்தது. வருவோர் தொகை ஆண்டு முழுவதும் ஓயவில்லை. அதுகண்டு சலித்த பழையோர், 1993 இன் செப்ரெம்பர் இன்னும் முடியவில்லை எனக் கூறி, அக்காலத்துக்கு முடிவில்லாச் செப்ரெம்பர் எனப் பெயரிட்டனர்.

இப்பெயரிலே நகைச்சுவையுண்டு, அதனோடு ஒரு முறையீடும் உண்டு. எனினும் அம்முறையீடு முற்றும் நேரியதன்று என்பதே எம் கருத்து. பிந்தி வந்தவர் முந்தி வந்தவரினும் அறிவிலரல்லர். முன்னைய செப்ரெம்பர்களில் வந்தவரும் ஒழுங்கறியாதவரே. மாறியது கற்போர் இயல்பன்று. கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் இடையிலுள்ள விகிதமே. சிலர் வந்தபோது ஒவ்வொருவர் அருகிலும் ஒரு பழையவர் இருந்தார். பலர் வந்தபோது அருகில் எவருமிலர்.

எழுத்து மூலமான வழிகாட்டலுக்கு அக்காலத்தோர் குறைவு வைத்தாரல்லர். அடிக்கடி கேட்கப்படும் வினாக்களைத் தொகுத்து விடையோடு வெளியிட்டனர். புதியோர்க்கெனத் தனிக் குழுவும் வகுத்தனர். இன்ரெல் நிறுவனத்தைச் சார்ந்த சாலி ஹம்பிறிட்ஜ் என்னும் அம்மையார் தொகுத்து 1995 ஒக்ரோபரில் வெளிவந்த இணைய நடத்தைக் கையேடு, ஒரு குழுவில் எழுதுமுன் ஓரிரு மாதம் வாசித்துப் பழகுமாறு அறிவுறுத்திற்று. நல்ல அறிவுரையே. ஆயின் நூல் வழியைக் காட்டும், கைபிடித்து நடத்தாது. ஐயமுற்றவர் எவ்விடத்தில் இடறினார் என்பதை நூல் அறியாது. அறிய வல்லவர் அருகில் நிற்கும் மனிதரே.

இதனை விக்கிப்பீடியாவின் அனுபவமும் வலியுறுத்துகின்றது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் கொள்கையோடு 2001 ஆம் ஆண்டிலே தொடங்கிய அக்கலைக்களஞ்சியம், கட்டுரைகளைப் பற்றி வாதாடி முடிவு காணும் உரையாடற் பக்கங்களாலேயே இயங்குவது. ஆங்கிலப் பதிப்பிலே ஊக்கமாக எழுதுவோர் தொகை 2007 இல் உச்சம் அடைந்து, பின்னர் ஆண்டாண்டாகக் குறையலாயிற்று. காரணத்தை ஆராய்ந்து ஆரன் ஹால்பேக்கரும் அவர்தம் தோழரும் 2013 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குறும்பர்களைத் தடுக்க அமைத்த விதிகளும் தானியங்கிக் கருவிகளும் நன்னோக்கத்தோடு வந்த புதியோரின் எழுத்தையும் உடனுக்குடன் நீக்கின என்பதும், அவ்வாறு நீக்கப்பெற்றோர் நில்லாது நீங்கினர் என்பதும் அவர் கண்ட முடிபு. களை பறிக்கப் புகுந்தோர் பயிரையும் பறித்தனர் எனலாம். இதற்குப் பரிகாரமாக 2012 இலே தேநீர்ச்சாலை என்னும் பொருள்படும் ஓரிடம் அங்கு அமைக்கப்பட்டது. புதியவர் எவ்வளவு எளிய வினாவையும் அங்கே கேட்கலாம். விருந்தோம்புவோராகப் பெயர் கொடுத்தோர் பொறுமையாக விடை கூறுவர். அங்கு அழைக்கப்பெற்றோர், அழைக்கப்பெறாதோரினும் மிகுதியாக நிலைத்தனர் எனப் பின்னைய ஆய்வு காட்டிற்று.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இலே தோன்றியது. அதன் தொடக்க நாள் முதலே உழைத்தோருள் யாழ்ப்பாணத்தவராகிய இ. மயூரநாதன் முதன்மையானவர். 2017 இலே அது ஓரிலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அங்கே பொதுவிற் கூடிப் பேசுமிடம் ஆலமரத்தடி எனவும், உதவி கேட்குமிடம் ஒத்தாசைப் பக்கம் எனவும், எழுதிப் பழகுமிடம் மணல்தொட்டி எனவும் பெயர் பெற்றுள்ளன. இப்பெயர்களை இட்டோர் புதியவரை மனத்திற்கொண்டே இட்டனர் போலும். ஆலமரத்தடியில் அமர்ந்து பேச எவரும் அஞ்சார். மணலில் எழுதி அழிக்க எவரும் கூசார். எழுதுவோர் சிலராகவுள்ள எமது மொழியிலே, ஒரு புதியவர் மனமுடைந்து போவாராயின் ஒரு துறையே எழுதுவாரின்றிக் கிடக்கவுங்கூடும்.

இவற்றுக்கு மறுப்புரைப்பாரும் உளர். ஒரே வினாவுக்கு நூறுமுறை விடை கூறல் எவராலியலும், தாமே தேடி வாசியாதவர்க்கு ஏன் இரங்கல் வேண்டும், தரம் தாழ்ந்துவிடாதோ என்பர். இம்மறுப்பிலே நியாயம் இல்லாமலில்லை. ஒழுங்கின்றேல் குழுவுமில்லை. ஆயின் பிழையைத் திருத்தல் வேறு, பிழைத்தவரை விரட்டல் வேறு. ஆசிரியர் ஆண்டுதோறும் அதே வாய்பாட்டை அதே வகுப்பிலே கற்பிக்கின்றார். சென்ற ஆண்டே சொல்லிவிட்டேன் என அவர் கூறுவதில்லை. அன்றியும், ஒரே வினா நூறுமுறை எழுமாயின் குறை கேட்போரிடத்தன்று. அவ்விடத்திலே விளக்கில்லை என்பதே பொருள். விளக்கிடவேண்டியவர் வீட்டார்.

யாம் துன்புற்றே கற்றோம், அவர்களும் அவ்வாறே கற்கட்டும் என்பார் கூற்று இன்னும் கொடியது. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே பகிடிவதைக்குச் சொல்லப்படும் நியாயமும் இதுவே. புதியவரை அறிமுகப்படுத்தல் என்னும் போர்வையிலே நிகழ்ந்த கொடுமைகளைத் தடுக்க 1998 இலே 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. இணையத்திலே கையோங்குவாரில்லை, ஆயின் பலர் கூடி ஒருவர் வினாவை எள்ளி நகையாடலும் அவ்விதையின் முளையே.

ஆதலின் எமது குழுக்களிலே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைவோம். புதியவர் சேர்ந்த அன்றே ஒருவர் அவரைப் பெயர் சொல்லி வரவேற்று, எந்த ஆண்டினர், எங்கு வாழ்பவர் என ஏனையோர்க்கு அறிவித்தல் வேண்டும். இயந்திரம் இடும் வரவேற்பு வாசகம் இதற்கு ஈடாகாது. விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்குதல் நன்று. விதியோடு அதன் காரணமும் கூறுதல் மிக நன்று. பிழை நேரின் தனியே உணர்த்துக. பாராட்டைப் பலர் முன்னிலையிற் கூறுக. விடையற்ற வினா ஒன்று ஒரு நாளைக் கடந்து கிடக்கக் கண்டவர், தாம் விடை அறியாராயினும், அறிந்தாரைச் சுட்டுக. முன்னைய நிகழ்ச்சிகளைக் குறிப்பாற் பேசி நகைக்கும்போது, அறியாதார்க்கு ஒரு வரி விளக்கமும் சேர்த்திடுக. இவற்றுள் எதுவும் பொருட்செலவு உடையதன்று.

எண்பது வயது நிரம்பிய அண்ணரும் சென்ற ஆண்டு கல்லூரியை நீங்கிய தம்பியும் ஒருங்கே பேசத்தக்க களம் முன்னைத் தலைமுறையினர்க்குக் கிட்டவில்லை, எமக்குக் கிட்டியுள்ளது. அக்களத்திலே தம்பியர் வாய் திறவாது வாசித்துவிட்டுப் போவாராயின், இன்னும் முப்பது ஆண்டுகளில் அது முதியோர் தம் இளமையைத் தமக்குள்ளே பேசி ஓயும் திண்ணையாய் முடியும். வாயிலிலே தயங்கி நிற்பவரை உள்ளே அழைத்து அமர்த்துதல் முந்தி வந்தோர் கடனாகும். அக்கடனை இவ்விழா ஆண்டிலேயே ஆற்றத் தொடங்குவோமாக.