ஊசி இலவசம், அன்னைக்குக் கூலி யார் தருவா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம் இது. ஏழை நாடுகள்ல தடுப்பூசிச் செலவுன்னு பேச்செடுத்தா எல்லாரும் மருந்து விலையைத்தான் பாக்கறாங்க. பிசிஜி, போலியோ சொட்டு மருந்து எல்லாம் யூனிசெஃப் வாங்கற விலையில ஒரு டோஸ் கால் டாலர்கூட கிடையாது. அதைக் குழந்தை கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கறதுலதான் காசு கரையுது. 2 டிகிரிலேர்ந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். கரண்ட் போனாலும் குளிர் போகாத பெட்டி, வண்டி, நர்ஸம்மா சம்பளம், எல்லாம் வேணும். பிசிஜி குப்பியைக் கலக்கிட்டா 4 மணி நேரத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாது. 10 டோஸ் குப்பிக்கு 3 குழந்தைங்கதான் வந்துச்சுன்னா மிச்சம் குப்பைக்குத்தான்.

இதைக் குறைக்க சுலபமா ஒரு வழி இருக்கு. நர்ஸை ஊருக்கு அனுப்பாம, அம்மாக்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிடலாம். டீசலும் மிச்சம், மருந்தும் வீணாகாது. பேப்பர்ல பாக்க கணக்கு அழகா இருக்கும்.

நம்ம தமிழ்நாட்டுலயே இது நடந்திருக்கு, ஆனா காசுக்காக இல்ல. 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைங்க இறந்துபோச்சுங்க. அதுக்கப்புறம் கிராமத்துக்குப் போய் ஊசி போடறதை நிறுத்திட்டு, டாக்டர் இருக்கற இடத்துக்கு வந்துதான் போட்டுக்கணும்னு அரசு சொல்லிடுச்சு. அன்னைக்கு இருந்த பயம் நியாயமானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா அந்தச் செலவு காணாமப் போயிடலை, அம்மா தலைக்கு மாறிடுச்சு. தாமல், காஞ்சிபுரம் பக்கம் பட்டுத்தறி பாத்தவங்களுக்குத் தெரியும். கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் உக்காரணும். ஒருத்தர் எழுந்து போனா தறியே நின்னுடும். கூலி புடவைக்குத்தான், நாளுக்கு இல்ல. குழந்தையைத் தூக்கிட்டு பஸ் ஏறி, வரிசையில நின்னு, மத்தியானம் திரும்பி வந்தா ரெண்டு பேர் உழைப்பும் அன்னைக்குப் போச்சு. ராத்திரி ஜுரம் அடிச்சா மறுநாளும் போச்சு. இந்த நஷ்டத்தை எழுத எந்த அரசு ரெஜிஸ்டர்லயும் கட்டம் இல்ல.

தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்க. தமிழ்நாட்டுல எல்லா ஊசியும் போட்ட குழந்தைங்க 2005-06ல சுமார் 81 சதவீதம். 2015-16ல 70. 2019-21ல 89. நடுவுல விழுந்ததுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சாதிக்கலை. ஆனா தூரமும் கூலியும் அதுல சேரவே இல்லைன்னு யாராவது சொன்னா நம்ப மாட்டேன்.

"அப்போ பாதுகாப்பு முக்கியமில்லையா?"ன்னு கேப்பீங்க. முக்கியம்தாங்க. அதுக்குத்தான் காசு செலவழிக்கணும்னு சொல்றேன். நர்ஸுக்கு நல்ல பயிற்சி, ஊசி போட்டப்புறம் அரைமணி நேரம் உக்கார ஒரு நிழல், கூப்பிட்டா வர்ற 108. அந்த ஆம்புலன்ஸ் வந்ததும் அதே 2008லதான். இதெல்லாம் செலவுதான், ஒத்துக்கறேன். ஆனா அதை அரசு கட்டினா எல்லார் தலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் விழும். கட்டலைன்னா இருக்கறதுலயே ஏழையான வீட்டுல மொத்தமா விழும். அந்த வீட்டுக் குழந்தைக்குத்தான் ஊசி விட்டுப்போகும். அம்மை வந்தா முதல்ல பிடிக்கறதும் அதைத்தான்.

அதனால இனிமே யாராவது "ஒரு குழந்தைக்கு இவ்வளவு ரூபாய் மிச்சம் பிடிச்சோம்"னு சொன்னா, யார் பையிலேர்ந்துன்னு ஒரு வார்த்தை கேளுங்க மக்களே. உங்க ஊர்ல நர்ஸம்மா தெருவுக்கு வர்றாங்களா, இல்ல நீங்கதான் தேடிப் போறீங்களா? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்.