அந்த 150 மணி நேரம் யாருடையது?

செவிலியர் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வருகிறவர் 150 மணி நேரத் தொடர் கல்விக்குச் சான்று காட்ட வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இந்த விதியைப் பற்றி வார்டுகளில் எழுந்திருக்கும் கோபத்தை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. வகுப்புக்குப் போக விடுப்பு யார் தருவது, கட்டணம் யார் கட்டுவது, அந்த நேரத்தில் நோயாளியை யார் பார்ப்பது என்ற எதற்கும் விடை சொல்லாமல் ஒரு நிபந்தனையைப் போட்டுவிட்டு, நிறைவேற்றாதவருக்குப் பதிவு இல்லை என்பது நிர்வாகம் ஆகாது.

தொடர் கல்வி வேண்டாம் என்று செவிலியர்கள் சொல்லவில்லை. இருபது ஆண்டுக்கு முன் ஜி.என்.எம். செவிலியர் படிப்பை முடித்தவர் படித்த காலத்தில் இல்லாத மருந்துகளும் கருவிகளும் இன்று தாலுகா மருத்துவமனை வரை வந்துவிட்டன. தொற்றுத் தடுப்பு முறைகள் மாறியிருக்கின்றன. நின்ற இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்தும் வழிகாட்டுதல்கூடச் சில ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. கற்க வேண்டியது இவ்வளவு இருக்கும்போது, கற்பிப்பதற்கான ஏற்பாட்டை இத்தனை அலட்சியமாக விட்டிருப்பதுதான் பொறுக்க முடியாதது.

150 மணி என்றால் ஆண்டுக்கு 30 மணி நேரம். காகிதத்தில் சிறிய எண். அலுவலக வேலையில் இருப்பவருக்கு அது நான்கு நாள் பயிற்சி, அதுவும் சம்பளத்தோடு. நைட் டூட்டி முடித்து, காலையில் ஹேண்டிங் ஓவர் கொடுத்துவிட்டு வெளியே வரும் செவிலியருக்கு அப்படி இல்லை. டூட்டி ஆஃப் நாளில்தான் அவர் தூங்குகிறார், பிள்ளையின் பள்ளிக்குப் போகிறார், வீட்டில் உடம்பு முடியாதவரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். அந்த நாளைத்தான் விதி கேட்கிறது. கேஷுவல் லீவ் எடுத்துக்கொள்ளலாமே என்பவர்கள் ரெலீவர் இல்லாத வார்டைப் பார்த்ததில்லை. அங்கே கேஷுவல் லீவ் என்பது இன்சார்ஜ் சிஸ்டரிடம் பல நாள் முன்னதாகவே கெஞ்சிக் கேட்பது. ஒருவருக்கு அது கிடைத்தால் இன்னொருவர் டபுள் டூட்டி பார்க்க வேண்டும்.

வார்டில் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும் என்பதையும் இதே கவுன்சில்தான் வகுத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களுக்கு மாற்றாக, இதற்கு மேல் 30 சதவீதம் கூடுதல் ஆட்கள். இந்தக் கணக்குப்படி ஆட்கள் இருந்திருந்தால் 150 மணி நேரத்தைப் பற்றி யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். அந்த 30 சதவீதம் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது? நிறைந்து வழியும் வார்டில் இரவெல்லாம் ஒருவரோ இருவரோ ஓடிக்கொண்டிருப்பதை நோயாளியோடு போய்த் தங்கிய எந்தக் குடும்பமும் சொல்லும். ஆட்களை வைக்கச் சொல்லும் விதி காகிதத்தோடு நின்றுவிட்டது. செவிலியரைப் படித்து வரச் சொல்லும் விதி மட்டும் கட்டாயமாகிவிட்டது. முதல் விதியை மீறுவது நிர்வாகம். அதற்குத் தண்டனை இல்லை. இரண்டாவதை மீறினால் ஒரு பெண்ணின் பிழைப்பே போகும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெருக்கடி இன்னும் கடுமையானது. இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டின் பெருமை. கிராமத்துப் பெண்கள் நள்ளிரவிலும் நம்பி வந்து பிள்ளை பெற்றுப் போவது அந்த மூவரால்தான். மூவரில் ஒருவர் வகுப்புக்குப் போனால் மற்ற இருவரும் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம் மாறி மாறி நிற்க வேண்டும். ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்துவிட்டால் வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வகுப்புகளோ பெரும்பாலும் நகரத்து நர்சிங் கல்லூரிகளிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் நடக்கின்றன. கொல்லிமலையில் வேலை பார்ப்பவர் விடியுமுன் பஸ் பிடித்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும். கைக்காசில் கட்டணம் கட்டி, நாள் முழுக்க உட்கார்ந்து, சான்றிதழோடு மலையேறி, மறுநாள் காலை டூட்டியில் நிற்க வேண்டும். இதை ஐந்தாண்டில் எத்தனை முறை செய்வார்?

செய்தாலும் பலன் என்ன? அந்தச் சான்றிதழ், ஓர் அரங்கில் இத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தார் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்ததா, வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததா என்பதை அது காட்டாது. தூங்காத கண்களோடு கேட்ட உரை மனதில் தங்குவதும் இல்லை. மணி நேரத்தை மட்டும் எண்ணும் முறையில், கற்பவரும் கற்பிப்பவரும் நாளடைவில் சான்றிதழுக்காகவே கூடுவார்கள்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறைகள் ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர் கல்வியைச் சொல்கின்றன. செவிலியருக்கு அதைப்போல் ஐந்து மடங்கு. மருத்துவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் சம்பளத்திலும் ஓய்விலும் அதிகாரத்திலும் கீழே வைக்கப்பட்டவரிடம் ஐந்து மடங்கு கேட்கும்போது, அதற்கான காரணத்தை அவரிடம் சொல்லும் கடமை இருக்கிறது. போதாதற்குச் செவிலியருக்கான தேசியப் பதிவேட்டில் ஏற ஆதார் விவரம் ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுப் பள்ளிச் சான்றிதழ் வாங்கி, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரோடு ஆதார் எடுத்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்த வாசலிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

செவிலியரின் வாழ்க்கையை மேசையில் வைத்து முடிவெடுப்பவர்கள் தவறுவது இது முதல் முறை அல்ல. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதித் தேறி வந்தவர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். இரண்டாண்டில் நிரந்தரம் என்பது வாக்குறுதி. 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் அமர்ந்து கேட்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் பலர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்திலேயே கிடந்தார்கள். கொரோனா வந்தபோது மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். அந்தக் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டு, கவச உடைக்குள் வியர்த்து வேலை செய்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணியை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்தார்கள். புத்தாண்டு பிறக்கும்போது அவர்கள் தெருவில் நின்றார்கள்.

தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு நேர்ந்ததும் இதுதான். 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு நிகரான சம்பளம் தர வேண்டும், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று சொன்னது. கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. இங்கே அது பரிந்துரையாகவே கிடக்கிறது. அந்தச் சம்பளத்தைக்கூட வாங்கித் தர முடியாதவர்கள், இன்று அதே செவிலியரிடம் வகுப்புக் கட்டணம் கட்டி வா என்கிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஓராண்டு கடந்த பின்னும் பழைய கவுன்சிலே பொறுப்பில் இருந்தது. தங்களுக்கு விதித்த வேலையை உரிய காலத்தில் முடிக்காதவர்களுக்கு, செவிலியருக்கு மட்டும் காலக்கெடு வைக்க என்ன தகுதி இருக்கிறது?

முடியாத காரியத்தை யாரும் கேட்கவில்லை. 2020இல் மத்திய அரசின் ஐகாட் இணையப் பயிற்சித் தளத்தின் வழியே கொரோனாப் பயிற்சி செவிலியரின் கைபேசிக்கே கட்டணமின்றி வந்து சேர்ந்தது. தேவை என்று தோன்றியபோது வழி பிறந்தது. டூட்டி நேரத்துக்குள், வேலை பார்க்கும் இடத்திலேயே, அரசும் மருத்துவமனை முதலாளிகளும் செலவை ஏற்று, கற்பித்ததைச் சோதித்துப் பார்க்கும்படியாக இந்த ஏற்பாடு முழுவதும் மாற வேண்டும். எப்படி மாற்றுவது என்பதைச் செவிலியர் சங்கங்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்கட்டும். வார்டு நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும். அது நடக்கும்வரை, மணிக்கணக்கு குறைகிறது என்ற காரணத்துக்காக ஒரு செவிலியரின் புதுப்பித்தல்கூட நிறுத்தி வைக்கப்படக் கூடாது.