ஓலையிருக்க இறக்குமதிக் குழல் ஏன்?

நீர்வேலிச் சந்தியில் சென்ற வாரம் இளநீர் பருக நின்றோம். கடைக்காரர் இளநீரைச் சீவி, காகிதக் குழலொன்றைச் செருகி எமது கையில் தந்தார். அக்குழல் வந்த பெட்டியை வாங்கிப் பார்த்தோம். அந்நிய நாட்டுத் தயாரிப்பு! இளநீர் பறித்தது இரண்டு கட்டைக்கு அப்பாலுள்ள வளவில். அதை உறிஞ்சும் குழல் வந்ததோ கடல் கடந்து. கடையின் பின்புறத்திலே காய்ந்து விழுந்த தென்னோலை குவிந்து கிடந்தது. என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "பின்னேரம் கொளுத்திவிடுவம் ஐயா" என்றார்.

இஃது ஓர் அற்ப விடயம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். வீடு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் இதன் அகலம் புலப்பட்டது.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் வெளியான வர்த்தமானி அறிவித்தலின்படி, 2023 ஒக்டோபர் 1 ஆந் திகதி முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் பொருள்கள் பல இலங்கையில் தடைசெய்யப்பட்டன. பானம் உறிஞ்சும் குழல், கலக்கும் குச்சி, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு என்பன அப்பட்டியலில் அடங்கும். இத்தடையை நாம் வரவேற்கிறோம். 2017 ஏப்ரலிலே மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து உயிர்களைக் குடித்ததை மறந்தவர் மாத்திரமே இதனை எதிர்ப்பர்.

ஆனால், சட்டம் ஒரு பொருளைத் தடைசெய்யும்போது ஒரு சந்தையை மூடுகிறது. அக்கணமே இன்னொரு சந்தையைத் திறந்தும் விடுகிறது. மூடிய சந்தையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். திறந்த சந்தைக்குள் எவர் நுழைவது என்று எம்மவர் பேசினார்களில்லை. எவரும் பேசாத இடத்தில் இறக்குமதி வியாபாரி நுழைந்தார். அவரை நாம் நோவானேன்? அவர் தமது தொழிலைச் செய்தார். நாம் எமது தொழிலைச் செய்யவில்லை.

அச்சந்தை சிறியதுமன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2021 யூலை 3 முதல் பிளாஸ்ரிக் குழலை விலக்கிற்று. தமிழ்நாடு 2019 சனவரி முதலும், இந்தியா முழுவதும் 2022 யூலை முதலும் விலக்கின. இத்தனை நாடுகளின் தேநீர்ச்சாலைகளும் பழரசக் கடைகளும் ஒரே பொருளுக்கு மாற்றுத் தேடும்போது, ஓலையும் நாணலும் மூங்கிலும் திடீரென விலைபெறுகின்றன. இதிலே புதுமையுமில்லை. ஆங்கிலேயர் இக்குழலை இன்றும் 'ஸ்ரோ' என்றே அழைக்கின்றனர். வைக்கோல் என்பதே அதன் பொருள். முற்காலத்தில் தானியப் பயிரின் தண்டினாலேயே அவர்கள் பானம் உறிஞ்சினர். அமெரிக்கரான மார்வின் ஸ்ரோன் 1888 இல் காகிதக் குழலுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பிளாஸ்ரிக் அதற்கு வெகுகாலம் பிந்தி வந்தது. எமது சிறுவரோ எந்தப் பத்திரமும் பெறாமலே பப்பாசி இலைக்காம்பை நறுக்கிக் குழலாக்கி ஊதினர்.

அயலிலே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெங்களூர் கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதிக்கும் சஜி வர்க்கீஸ் என்னும் பேராசிரியர், 2017 இல் வளாகத்திலே காய்ந்து சுருண்டு கிடந்த தென்னோலை ஒன்றைக் கண்டார். அது குழல் வடிவில் இருந்தது. ஆயிரம் பேர் மிதித்துப் போன ஓலையை அவர் குனிந்து எடுத்தார், அவ்வளவே வேறுபாடு. காய்ந்த ஓலையைக் கழுவி ஆவியில் வைக்கும்போது அதனுள்ளிருக்கும் இயற்கை மெழுகு மேற்பரப்புக்கு வருகின்றது. அம்மெழுகே நீர் ஊறாமல் காக்கின்றது. பின்னர் அதைச் சுருட்டிக் குழலாக்குகின்றனர். வேறு பூச்சு வேண்டுவதில்லை. மதுரை, தூத்துக்குடி, காசர்கோடு ஆகிய இடங்களிலே கிராமப் பெண்கள் இதனைச் செய்தனர்; குழல்கள் கப்பலேறி வெளிநாடு சென்றன. தூத்துக்குடி எமக்கு எவ்வளவு தூரம்? வியட்நாமிலும் மீகொங் நதிப் பிரதேசத்துச் சேற்றுநிலத்தில் வளரும் கோரையினப் புல்லைக் குழலாக நறுக்கி விற்கின்றனர். ஓலையும் புல்லும் ஆங்காங்கு தாமாகக் கிடந்தவையே. பணமாக்கியது ஒழுங்கும் முயற்சியும்.

நீர்வேலியில் எதற்குக் குறை? செம்மண்ணும் கிணறும் வாழைத்தோட்டமுமாக விளங்கும் ஊர் இது. இங்குள்ள குலைகள் லொறியேறித் தெற்கே போகின்றன. குலை வெட்டிய வாழையின் நாரும் மடலும் தோட்டத்திலேயே உக்குகின்றன. வேலிக்கு வேலி பனை. மேடைக்கு மேடை அதனைக் கற்பகதரு என்று பாடுகிறோம். கீழிறங்கியதும் வளைமரத்துக்குத் தறிக்கிறோம். கோப்பாய் - கைதடி வீதியால் சைக்கிளில் மிதித்தால் அடையக்கூடிய தூரத்தில், கைதடியிலே, பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பனை அபிவிருத்திச் சபை தோன்றியது 1978 இல். ஒடியற்கூழைப் பச்சையோலைப் பிளாவில் ஏந்திக் குடித்த சமூகத்துக்கு, பாவித்தபின் மண்ணோடு மண்ணாகும் பாத்திரம் எது என்று பிறர் வந்து கற்பிக்க வேண்டுமா?

குழலையும் விடுவோம். தடைப்பட்டியலில் இடியப்பத் தட்டும் உண்டு என்று சொன்னோம். இதைக் கவனித்தவர் எத்தனை பேர்? பனையீர்க்கில் இழைத்த தட்டிலே இடியப்பம் அவித்தவர்கள் நாம். பிளாஸ்ரிக் தட்டு வந்து அத்தொழிலை விழுங்கிற்று. விழுங்கியதைச் சட்டம் 2023 இல் வெளியே துப்பச் சொன்னது. அப்படியிருந்தும் தடைக்குப் பின்னரும் பிளாஸ்ரிக் தட்டுகள் கடை வாசலில் தொங்கியதை நாமே கண்டோம். ஈர்க்குத் தட்டு எங்கே என்று கேட்டபோது, இழைத்துத் தர ஆளில்லை என்றார் கடைக்காரர். இழைக்கத் தெரிந்த தாய்மார் எமது ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் போனால், வாங்க ஆளில்லை என்கின்றனர். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவிலே ஒரு சங்கமோ, சபையோ இல்லாமற் போனதே எமது முறைப்பாடு.

2009 இல் போர் முடிந்தபின் குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள் எமது கிராமங்களிற் பலர். பெட்டியும் கடகமும் இழைத்து அவர்கள் பெறும் கூலியையும், அதே பெட்டி கொழும்பில் விற்கும் விலையையும் ஒப்பிட்டு நோக்குங்கள். நாளை குழற்றொழில் வந்தாலும் இதே கணக்குத்தான் என்றால் அத்தொழில் எமக்குத் தேவையில்லை. ஆவியடுப்பும் சுருட்டும் கருவியும் தனி முதலாளியின் சொத்தாகவும், ஓலை பொறுக்குபவள் குழலொன்றுக்கு இத்தனை சதம் என்று கைநீட்டுபவளாகவும் இருக்கும் ஏற்பாட்டை நாம் அபிவிருத்தி என்று அழைக்கமாட்டோம். கருவி கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாதல் வேண்டும். இழைப்பவளே அதன் அங்கத்தவராதல் வேண்டும். கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயம். அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாது விடப்பட்டது. இதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

எம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 'சூழலுக்கு நேயமானது' என்று பெட்டியில் அச்சிட்டுவிட்டால் ஒரு பொருள் நேயமாகிவிடாது. பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் பல்கலைக்கழகத்தார் 2023 இல் வெளியிட்ட ஆய்வில் 39 வகைக் குழல்களைச் சோதித்தனர். நீரும் எண்ணெயும் ஒட்டாதிருக்கச் சேர்க்கப்படுபவையும் எளிதில் அழியாதவையுமான புளோரின் சேர்மங்கள், காகிதக் குழல் 20 இல் 18 இலும், மூங்கிற் குழல் 5 இல் 4 இலும் காணப்பட்டன. உருக்குக் குழலில் ஒன்றிலேனும் இல்லை. அளவு சிறிதே என்று அவ்வாய்வாளரே கூறினர். ஆயினும் 'காகிதம்' என்ற சொல்லை நம்பிப் பயனில்லை என்பது தெளிவு. சோளமாவில் உண்டான பிளாஸ்ரிக் என்று வருவதோ, ஆலைகளிலுள்ள உயர்வெப்ப உரக்கிடங்கில் அன்றி எமது வளவுக் குழியில் இலகுவாக உக்காது. மூங்கிலிலும் அச்சேர்மம் கண்டதால், எமது ஓலைக்கும் சோதனை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய நெறிப்படுத்தலொன்று, ஆதாரம் காட்டாமல் இத்தகைய பொதுவான புகழ்ச்சிகளைப் பொருள்மீது எழுதலாகாது என்கிறது. ஆகவே அங்கு விற்க விரும்புவோன் ஆய்வுகூட அறிக்கையோடு போகவேண்டும். தென்னோலை முறை பனையோலைக்கு ஏற்குமா, பப்பாசிக் காம்பின் பாலை எவ்வாறு நீக்குவது என்பவற்றைக் கைதடி நிறுவனத்தார் சோதித்து ஊரறியச் சொல்லட்டும்.

ஏற்றுமதி ஒன்றையே நம்புவதும் ஆபத்து. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2025 பெப்ரவரியில் ஒரு கட்டளையில் ஒப்பமிட்டு, மத்திய அரசு காகிதக் குழல் வாங்குவதை நிறுத்தினார். ஒரு பேனா திறந்த சந்தையை இன்னொரு பேனா மூடும். மேலும், உலகக் கடல்களில் ஆண்டுதோறும் சேரும் ஏறத்தாழ 80 இலட்சம் தொன் பிளாஸ்ரிக்கில் குழல்களின் பங்கு சுமார் 2,000 தொன் மாத்திரமே என்றும் கணித்திருக்கின்றனர். குழலை மாற்றிவிட்டுக் கடலைக் காத்துவிட்டதாக எவரும் மார்தட்ட வேண்டாம். கையசைக்க இயலாத நோயாளர்க்கு வளையும் பிளாஸ்ரிக் குழல் அவசியமாகலாம். இங்கிலாந்து 2020 இல் தடைவிதித்தபோது அவர்களுக்கு மருந்துக்கடை வழியே விலக்களித்தது. அந்த விவேகம் எமது வர்த்தமானி எழுதுவோர்க்கும் வரவேண்டும்.

ஆதலின் முதற் சந்தை எமது ஊரே. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கு 2025 மே மாதத்தில் மக்கள் உறுப்பினரைத் தெரிந்தனுப்பினர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளுக்குத் துணைவிதி இயற்றும் அதிகாரத்தைத் தந்துள்ளது. துணைவிதிக்கு மேலிட அங்கீகாரம் வேண்டும், காலம் செல்லும் என்பர். நல்லது. சபை தனது சந்தைக் கடைகளைக் குத்தகைக்கு விடும்போது எழுதும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க அவ்வளவு காலம் செல்லாது. நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். அவ்வீதிகளில் ஐஸ்கிறீமும் சர்பத்தும் விற்கும் கடைகளுக்கு யாழ்ப்பாண மாநகர சபை இடம் கேள்விக்கு விடுகிறது. உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கம் செய்த ஓலைக் குழலும் ஓலைக் கிண்ணமும் கிடைக்குமளவுக்கு அவற்றையே பாவித்தல் வேண்டும் என்று அடுத்த கேள்விப்பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். அவ்வரியைக் காட்டினால் சங்கத்துக்கு வங்கி கடன் தரும். கடன் கிடைத்தால் ஆவியடுப்பு வரும். வரியின் வாசகத்தை நாமே எழுதித் தர ஆயத்தமாயிருக்கிறோம்; கட்டணம் வேண்டியதில்லை.