கட்டில் கம்பியில் காத்திருக்கும் கிருமி

மருத்துவமனையில் சேரும் எவரும் நோய் தீர்ந்து வீடு திரும்புவோம் என்ற நம்பிக்கையில்தான் சேர்கிறார். சேர்ந்த இடத்திலேயே புதியதொரு நோய் தொற்றிக்கொள்ளும் என்று அவர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால், உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொல்கிறது. வசதி குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 நோயாளிகளில் 15 பேர் அங்கிருக்கும் காலத்தில் ஏதேனும் ஒரு தொற்றுக்கு ஆளாகின்றனர். பணக்கார நாடுகளில் இந்த எண்ணிக்கை 7. இவ்வாறு தொற்றுக்கு ஆளாவோரில் சராசரியாகப் பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

இந்தியாவுக்கு இது புதிய பிரச்னையும் அல்ல. தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம், மிக வீரியமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரக்கும் கிருமி 2008-இல் கண்டறியப்பட்டது. அந்த நொதிக்குப் புதுதில்லியின் பெயரையே சூட்டினார்கள். 2010-இல் 'லான்செட்' இதழ்க் குழுமத்தின் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது, மத்திய அரசு கடுமையாக ஆட்சேபித்தது. ஒரு நகரின் பெயரை இழிவுபடுத்தியதில் நமக்கு எழுந்த கோபம் நியாயமானதே. பெயருக்காக எழுந்த அந்தக் கோபத்தில் பாதியளவு வேகமாவது, மருத்துவமனைகளின் கட்டில்களையும் கழிவறைக் குழாய்களையும் சோதிப்பதில் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி, குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் தாங்கி, செயற்கை சுவாசக் கருவியின் திருகு, கதவுக் கைப்பிடி, மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப், செவிலியரின் செல்லிடப்பேசி ஆகிய எல்லாவற்றிலும் கிருமி தங்கும். காய்ந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஸ்டாபிலோகாக்கஸ் போன்றவை உலர்ந்த பரப்பில்கூட மாதக்கணக்கில் உயிரோடிருக்கக் கூடியவை. அவை தாமாக நடந்து செல்வதில்லை. மனிதர்களின் கைகள்தாம் அவற்றைச் சுமந்து செல்கின்றன. நோயாளியைத் தொடாமல் அவரது கட்டிலை மட்டும் தொட்டாலே போதும். கையுறை அணிந்தவர் அதைக் கழற்றாமலே அடுத்த நோயாளியிடம் போனால், அந்தக் கையுறை அவரை மட்டுமே பாதுகாக்கிறது. ஒரு படுக்கையில் இத்தகைய தொற்றுள்ளவர் இருந்து சென்றால், அதே படுக்கைக்கு அடுத்து வருபவருக்கு அந்தத் தொற்று ஏற்படும் ஆபத்து அதிகரிப்பதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

தில்லி மருத்துவமனை நோயாளிகளிடம் கண்டறியப்பட்டதாக 2013-இல் பதிவான 'கேண்டிடா ஆரிஸ்' என்ற பூஞ்சை இன்னும் பிடிவாதமானது. நோயாளியின் தோலிலிருந்து உதிர்ந்து, சுற்றியுள்ள பொருள்களில் வாரக்கணக்கில் ஒட்டியிருக்கும். வழக்கமான கிருமிநாசினிகள் சிலவற்றுக்கு அது மசிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் அதை மிகவும் ஆபத்தான பிரிவில் வைத்திருக்கிறது.

கரோனா தொற்றுக் காலத்தில் தெருவையும் சுவரையும்கூட மருந்தடித்து நனைத்தோம். அந்த நோய் பெரும்பாலும் காற்றின் வழியே பரவியது. பரப்புகளின் பங்கு குறைவு. அறைகளுக்குள் கிருமிநாசினியைத் தெளிப்பதோ புகையாக அடிப்பதோ பயனளிக்காது என்று 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. தேவையே இல்லாத இடத்தில் காட்டிய அந்த ஆர்வம், தேவையான வார்டுகளில் நிலைக்கவில்லை. பினாயில் வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்பதே இன்றும் பலரின் கணிப்பு.

சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ரத்தமும் சளியும் படிந்த இடத்தின் மேல் பிளீச்சிங் கரைசலை அப்படியே ஊற்றினால், அந்த அழுக்கே மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் அழுக்கை அகற்ற வேண்டும். பிறகு கிருமிநாசினியைத் தடவி, குறித்த நேரம் வரை அந்த இடம் ஈரமாக இருக்க விட வேண்டும். நேற்றுக் கலந்த கரைசல் இன்று உதவாது. அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கும், மேலிருந்து கீழுக்கும் துடைத்து வர வேண்டும். கழிவறையைத் துடைத்த துணியே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போகுமானால், துடைக்காமல் இருப்பதே மேல். கிழிந்த ரெக்சின் மெத்தையை எந்த மருந்தாலும் சுத்தமாக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இவையெல்லாம் அரசுக்குத் தெரியாதவை அல்ல. அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்குப் பரிசளிக்கும் 'காயகல்ப்' திட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் 2020 ஜனவரியில் வெளியிடப்பட்டன. ஆனால், அந்த நெறிமுறையை நாள்தோறும் கையில் துணியோடு செயல்படுத்த வேண்டியவர் யார்? பல மருத்துவமனைகளில் அவர் ஒப்பந்ததாரரின் கீழ் சொற்ப ஊதியத்தில் பணிபுரியும் தூய்மைப் பணியாளர். எந்த நோயாளிக்கு எந்தத் தொற்று என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. மருந்தை எவ்வளவு நீரில் கலப்பது என்று கற்றுத் தருவதுமில்லை. தனியார் மருத்துவமனைகளிலும், பளபளக்கும் வரவேற்பறையைத் தாண்டினால் நிலைமை எல்லா இடத்திலும் மாறுபட்டதாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

மிகக் குறைந்த தொகை கேட்பவருக்கே துப்புரவு ஒப்பந்தம் என்ற முறையை மருத்துவமனைகளைப் பொருத்தவரையிலாவது கைவிட வேண்டும். எத்தனை படுக்கைக்கு எத்தனை பணியாளர், எத்தனை மணி நேரப் பயிற்சி என்பவை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். அவர்களுக்குக் கையுறையும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் கிடைப்பது அதே ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் மையைக் கட்டில் கம்பியில் தடவி வைத்து, மறுநாள் புற ஊதா விளக்கில் பார்த்தால் துடைத்தார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும். மலிவான இந்தச் சோதனையை நடத்துவதோடு, தொற்று விகிதத்தை ஒவ்வொரு மருத்துவமனையும், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி, ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுவதை மத்திய சுகாதார அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தைக் கேட்டறிந்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் நோயாளிக்கு, அங்கு எத்தனை பேருக்குத் தொற்று ஏற்பட்டது என்பதைக் கேட்கவும் உரிமை உண்டு.