பெயர் மாற்றத்தைத் தந்த நெருக்கடியே பழைய பெயரையும் மீட்குமா? அமெரிக்க அணிகளும் பூர்வகுடிகளின் போராட்டமும்

வாஷிங்டன் நகரின் அமெரிக்கக் கால்பந்து அணி தனது பழைய பெயரான 'ரெட்ஸ்கின்ஸ்' என்பதற்கே திரும்ப வேண்டும் என்று அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 ஜூலையில் வலியுறுத்தினார். மறுத்தால், தலைநகரில் அந்த அணிக்குப் புதிய விளையாட்டரங்கம் அமைவதற்குத் தடை போடக்கூடும் என்றும் சமூக ஊடகப் பதிவில் எச்சரித்தார். 'இந்தியன்ஸ்' என்ற பெயரைக் கைவிட்டு 'கார்டியன்ஸ்' ஆகிவிட்ட கிளீவ்லாந்து பேஸ்பால் அணியிடமும் அதே கோரிக்கையை வைத்தார். இரு அணிகளும் புதிய பெயர்களிலேயே ஆடி வருகின்றன.

அரங்கத்தைக் காட்டி இந்த அணியைப் பணியவைக்க அரசு முயல்வது இது முதல் முறையல்ல. 1933-இல் 'சிவப்புத் தோலர்' என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டிய உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், கறுப்பின வீரர்களைச் சேர்க்க மறுத்து வந்தவர். அரசு நிலத்தில் எழுந்த புதிய அரங்கில் ஆட அனுமதி கிடைக்காது என்று 1961-இல் கென்னடி அரசு எச்சரித்த பிறகே அவர் இறங்கிவந்தார். அடுத்த ஆண்டு கறுப்பின வீரர்கள் களமிறங்கினர். இப்போது பேசப்படும் புதிய அரங்கமும் அதே இடத்தில்தான் அமையவிருக்கிறது. அன்று பாகுபாட்டை நீக்கப் பயன்பட்ட நெம்புகோல், இன்று ஓர் இழிசொல்லை மீட்க நீட்டப்படுகிறது.

பூர்வகுடிகள் முதலில் நம்பியது சட்டத்தைத்தான். சூசன் ஷோன் ஹார்ஜோ உள்ளிட்ட எழுவர் 1992-இல் அந்தப் பெயரின் வணிக முத்திரைப் பதிவை ரத்து செய்யக் கோரினர். 1999-இல் வெற்றி கிடைத்தது. ஆனால், வழக்குத் தொடுப்பதில் காலம் தாழ்த்திவிட்டனர் என்ற காரணத்தால் மேல்முறையீட்டில் தோற்றனர். 2009-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அந்தத் தடை தங்களைக் கட்டுப்படுத்தாத இளைய தலைமுறையினர், நவஹோ இனத்தைச் சேர்ந்த அமண்டா பிளாக்ஹார்ஸ் தலைமையில் 2006-இல் மீண்டும் மனு செய்தனர். 2014-இல் பதிவு ரத்தானது. எனினும், ஆசிய அமெரிக்க இசைக்குழு ஒன்றின் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம், இழிவான பெயர்களுக்கு முத்திரைப் பதிவை மறுக்கும் சட்டப்பிரிவே பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. கால் நூற்றாண்டு வழக்கு அத்துடன் முடிந்தது.

நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சந்தை பதினொரே நாட்களில் தந்தது. ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பின் நாடெங்கும் கொந்தளிப்பு நிலவிய 2020-இல், 62,000 கோடி டாலர் சொத்துகளை நிர்வகிக்கும் 87 முதலீட்டு நிறுவனங்களும் பங்குதாரர்களும் நைக்கி, ஃபெடெக்ஸ், பெப்சிகோ ஆகியவற்றுக்குக் கடிதம் அனுப்பினர். அரங்கத்துக்குத் தன் பெயரைச் சூட்ட 20.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்த ஃபெடெக்ஸ், ஜூலை 2-ஆம் தேதி பெயர் மாற்றத்தைக் கோரியது. ஜூலை 13-ஆம் தேதி பெயர் கைவிடப்பட்டது. ஒருபோதும் மாற்றமாட்டேன் என்று 2013-இல் சூளுரைத்தவர்தான் அப்போதும் உரிமையாளர்.

இந்த வெற்றியின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. பூர்வகுடிகளின் ஒப்புதல் தேவை என்று எந்தச் சட்டமும் தீர்ப்பும் நிலைநாட்டவில்லை. விளம்பரதாரரின் நெருக்கடியால் போன பெயரை, வேறொரு நெருக்கடியால் மீட்க முடியும் என்று ஒருவர் கணக்குப் போடுவதில் வியப்பில்லை.

பெயரை ஆதரிப்போர், 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கருத்துக்கணிப்பைச் சுட்டுகின்றனர். அதில் பங்கேற்ற 504 பூர்வகுடி மக்களில் பத்தில் ஒன்பது பேர், அந்தப் பெயர் தங்களைப் புண்படுத்தவில்லை என்றனர். இதை அலட்சியப்படுத்த முடியாதுதான். ஆனால், கேள்வி புண்படுவதோடு நிற்கவில்லை. இத்தகைய சின்னங்களைக் கண்ட பூர்வகுடி மாணவர்களின் தன்மதிப்பு குறைவதை உளவியலாளர் ஸ்டெஃபனி ஃபிரைபெர்க் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்க உளவியல் சங்கம் 2005-லேயே இச்சின்னங்களைக் கைவிடுமாறு கோரியிருந்தது.

ஒப்புதலை அளவுகோலாகக் கொண்ட முயற்சியும் உண்டு. கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 2005-இல் இத்தகைய சின்னங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அங்குள்ள செமினோல் இனக்குழுவே ஆதரவளித்ததால் விலக்கு கிடைத்தது. வடக்கு டகோட்டாவில் ஸ்பிரிட் லேக் இனக்குழு இசைந்தும் ஸ்டாண்டிங் ராக் இனக்குழு இசையவில்லை; 2012-இல் மாநில வாக்காளர்களே 'ஃபைட்டிங் சூ' என்ற பெயரைக் கைவிட ஆதரவளித்தனர். யாரைக் குறிக்கும் பெயரோ, அவர்களைக் கேட்பது என்ற இந்த எளிய வழி, கோடிகள் புரளும் தொழில்முறை லீகுகளை இன்னும் எட்டவில்லை.

கான்சாஸ் சிட்டி 'சீஃப்ஸ்' அணியின் அரங்கில் 2020 முதல் சிறகுத் தலையணி அணிந்து வருவதற்குத் தடை உள்ளது. கோடரியால் வெட்டும் சைகையுடன் பல்லாயிரம் ரசிகர்கள் எழுப்பும் முழக்கம் மட்டும் ஒவ்வோர் ஆட்டத்திலும் தொடர்கிறது.