சங்கீதத்தை ஜெபமாகச் சொல்லுதல்

சங்கீதப் புத்தகம் 150 பாடல்களைக் கொண்டது. ஐந்து பகுதிகளாகத் தொகுக்கப்பட்டது. வேதாகமத்தின் மற்ற நூல்களில் பெரும்பாலும் கடவுள் மனிதரிடம் பேசுகிறார். இந்நூலில் மனிதர் கடவுளிடம் பேசுகிறார்கள். ஆகவே ஆராதனையில் சங்கீதத்துக்கு உரிய இடம் பாடம் வாசிக்கும் இடம் அல்ல, ஜெபத்தின் இடம். இந்த வேறுபாடு மங்கிப்போன சபைகளில் சங்கீதம் அறிவிப்புக்கும் பிரசங்கத்துக்கும் இடையில் ஓடிக் கடக்கும் ஒரு பகுதியாகிவிடுகிறது.

பதினெட்டாம் சங்கீதம் கடவுளைக் கன்மலை என்றும் கோட்டை என்றும் அழைக்கிறது. பகைவருக்குத் தப்பி ஓடியவன் ஏறி ஒளிந்த பாறையிலிருந்து பிறந்த சொற்கள் அவை. திருச்சிராப்பள்ளியில் அவற்றுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. மலைக்கோட்டையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்துக்கு அருகே, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1766-இல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. அதற்குச் சற்று முன், 1751 முதல் 1754 வரையிலான ஆண்டுகளில், கர்நாடகப் போர்களின் முற்றுகைகளை இவ்வூர் கண்டிருந்தது. அங்கே கூடிய படைவீரருக்கும் தமிழ்ச் சபையாருக்கும் ‘கோட்டை’ வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது.

எபிரேயப் பாட்டின் உயிர் ஒலியின் இயைபில் இல்லை. ஓர் அடியில் சொன்ன கருத்தை அடுத்த அடியில் திருப்பியோ, எதிர்த்தோ, வளர்த்தோ சொல்வதில் இருக்கிறது. ராபர்ட் லோத் 1753-இல் இதை முறையாக விளக்கினார். மொழிபெயர்க்கும்போது எதுகையும் மோனையும் உதிர்ந்துவிடும். கருத்தின் இரட்டை நடை உதிராது. தமிழ் உரைநடையில் வந்த சங்கீதமும் காதுக்குப் பாட்டாகவே படுவதன் காரணம் இதுதான்.

ஆயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிக்கும் வழக்கம் இந்த இரட்டை நடையை மறைத்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வேண்டிய இரு பாதிகளும் ஒரே வாயில் அடைபடுகின்றன. வசனத்தின் முதற்பாதியை ஒரு பக்கத்தாரும் மறுபாதியை எதிர்ப்பக்கத்தாரும், நடுவில் ஒரு மூச்சு விட்டு, சொல்வது பழைய முறை. நல்ல முறையும் அதுவே. தமிழில் இதற்கு ஒரு தடை உண்டு. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால், 1871-இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பில் பல வசனங்கள் எச்சத்தால் தொடுக்கப்பட்டு ஒரே வாக்கியமாக நீள்கின்றன. எங்கே நிறுத்துவது என்று நடத்துகிறவர் முன்னதாகவே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். 1995-இல் வந்த திருவிவிலியம் அடி அடியாக அச்சிடப்பட்டிருப்பதால் கத்தோலிக்கருக்கு இந்தச் சிரமம் குறைவு. திருப்பலியின் பதிலுரைப் பாடலில் வேறொரு சிக்கல்: பல்லவியைப் பாடகர் குழு நீட்டி அழகுபடுத்த, திருப்பாடலின் அடிகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. 55 சங்கீதங்களின் தலைப்பில் வரும் ‘இராகத் தலைவன்’ சபையைப் பாட வைப்பதற்காக இருப்பவர். சங்கீதங்களின் இடையே வரும் ‘சேலா’ என்ற சொல்லின் பொருளைப் பற்றி அறிஞரிடையே முடிவில்லை. அதை உரக்க வாசிப்பதைவிட அந்த இடத்தில் மௌனமாக இருப்பதே பொருத்தம்.

உவமைகளை ஊர் மண்ணில் இறக்கிக் காட்டுவதும் நடத்துகிறவரின் வேலை. 126-ஆம் சங்கீதம் தெற்கத்தி வெள்ளங்களைப் பற்றிப் பேசுகிறது. யூதாவின் தெற்கே ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளில் மழை பெய்ததும் திடீரெனப் பாயும் நீர் அது. மே மாதத்தில் மணலாகக் கிடக்கும் காவிரியையும், மேட்டூர் திறந்தபின் முக்கொம்புக்கு வந்து சேரும் முதல் தண்ணீரையும் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வரி விளக்கம் போதும்.

இன்று பெரிதும் கவனிக்க வேண்டியது புலம்பல். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடு. ஆனால் சபைகளின் நாவில் நிற்பவை 23, 91, 121 ஆகியவையும் சில துதிப்பாடல்களுமே. வீட்டு வாசலுக்குக் காப்பாக ஒட்டப்படும் 91-ஐத்தான் சோதனைக்காரன் இயேசுவிடம் எடுத்துக்காட்டினான் என்பது மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு சிலுவையில் எடுத்துச் சொன்னதோ 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கமான கைவிடப்பட்டவனின் கேள்வி.

முறையீடு பக்திக்குக் குறைவு என்ற எண்ணம் தமிழ் மரபுக்கும் அந்நியமானது. காவிரிக்கு அக்கரையில் உள்ள திருவரங்கத்தில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் இன்றும் வழிபாட்டின் குரலாக ஒலிக்கிறது. அரங்கனைப் பற்றிய நம்மாழ்வாரின் ஏழாம் பத்து இரண்டாம் திருவாய்மொழி, பிரிவில் வாடும் மகளுக்காகத் தாய் இறைவனையே கேள்வி கேட்பதாக அமைந்தது. அந்தத் துயரத்தை யாரும் வழிபாட்டிலிருந்து நீக்கவில்லை. சமயக் கொள்கைகள் வேறு. இறைவன்முன் அழுவதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்குத்தான் இவ்வூர் ஆயர்கள் பேசுகிறார்கள் என்பது மட்டும் உறுதி.

பிஷப் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3 காலையில் இவ்வூர்க் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டு, அன்றே 42 வயதில் இறந்தார்; புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம் அடக்க ஆராதனைக்கு 39, 90 என்ற இரு சங்கீதங்களை வைத்திருக்கிறது. 90 இன்றும் கேட்கிறது. தன்னை விட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும்படி கடவுளிடமே கேட்கும் 39 அரிதாகிவிட்டது. இது பெரிய இழப்பு.

பகைவரைச் சபிக்கும் பாடல்கள் இதைவிடக் கடினமானவை. 1971-இல் வெளியான கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுவதுமாக விட்டுவிட்டது. 137-இன் கடைசி வசனங்களையும் நீக்கியது. ஞாயிறு ஆராதனையில் விளக்கமில்லாமல் இவற்றைச் சொல்ல வைப்பது முறையல்ல. எனினும் அநீதிக்கு ஆளானவரின் கோபம், கையில் ஆயுதமாகாமல் கடவுளிடம் ஒப்படைக்கப்படும் இடமும் இவைதான். வன்முறைக்குப் பலியான குடும்பத்தைச் சந்திக்கச் செல்லும் ஆயர் 109-ஐ அறிந்திருக்க வேண்டும்.

88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. மற்ற முறையீடுகளில் வரும் நம்பிக்கைத் திருப்பம் இதில் இல்லை. துக்க வீட்டிலோ நெடுநாள் நோயாளியின் கட்டிலருகிலோ இதைச் சொல்லும்போது, முடிவில் ஓர் ஆறுதல் வசனத்தை ஒட்டும் ஆசையை அடக்கி, அது நிற்கும் இடத்திலேயே நிறுத்தி, சிறிது நேரம் கூட உட்கார்ந்திருப்பது போதும்.