புவிசார் குறியீடு என்னும் பொய்க்காவல்

உதகமண்டலத்துத் தோடர் குலப் பெண்களின் பூத்தையலுக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டபடியால், இனி அக்கலையை எவரும் அபகரிக்க முடியாது என்னும் அபிப்பிராயம், படித்தவர்களிடையேயும் வேரூன்றிக் கிடக்கிறது. காவல் இல்லாத இடத்தில் காவல் இருப்பதாக எண்ணவைத்து, உண்மையான பாதுகாப்பைத் தேடவொட்டாமல் செய்யும் இந்நம்பிக்கையை நான் அடியோடு மறுக்கிறேன்.

முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில், மாதிரி எதுவும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமான நூலைக் கோத்து, இரு புறமும் அணியத்தக்கதாய்ப் பூத்துக்குளி என்னும் போர்வையை ஆக்கித் தரும் அக்கைத்திறன், மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளிலே தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்வது. கணக்கினால் அமைந்த கலையாதலின், கணக்கையே உயிராகக் கொண்ட இயந்திரத்துக்கு அதைப் பற்றிக்கொள்வது மிகச் சுலபம். தெளிவான படங்கள் சில கிடைத்தால், செயற்கை நுண்ணறிவு அதே சாயலில் நூறு கோலங்களை நொடியில் வரைந்து தரும். துணியாலை அவற்றை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளும்.

இதைப் புவிசார் குறியீடு தடுக்குமா? 1999-ஆம் ஆண்டின் சட்டம் காப்பது பெயரையும், அப்பெயரால் வாங்குவோர் ஏமாறாதிருப்பதையுமே; பூவின் வடிவத்தை அன்று. தோடர் என்ற சொல்லையும் நீலகிரி என்ற சொல்லையும் விலக்கிவிட்டு விற்பவனைப் பிடிக்க அதில் உறுதியான வழி இல்லை. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019-லேயே குறியீடு கிடைத்திருந்தும், 2025 ஜூனில் இத்தாலிய நிறுவனமாகிய பிராடா, அதே வடிவத்தை அப்பெயர் கூறாமல் மிலான் நகர மேடையில் ஏற்றியதே. பிறகு அவ்வடிவத்தின் பிறப்பிடம் இந்தியாவே என்று அந்நிறுவனத்தை ஒப்புக்கொள்ளச் செய்தது சட்டமா? மக்களின் எதிர்ப்பே. பம்பாய் உயர்நீதிமன்றமோ, குறியீட்டின் உரிமையாளர் அல்லாத பிறர் தொடுத்த வழக்கு என்று இது குறித்த பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது.

பதிப்புரிமைச் சட்டத்தை நாடினால் மனம் இன்னும் வேதனைப்படுகிறது. கணினியால் ஆக்கப்பட்ட படைப்புக்கு, அதை ஆக்குவித்தவனே ஆசிரியன் என்று 1994-ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. இயந்திரத்துக்கு ஒரு வரி கட்டளை இட்டவன் தன்னை ஆசிரியன் என்று வாதாட இடம் இருக்கிறது; தலைமுறை தலைமுறையாகக் கண் நோக இழை எண்ணிய பெண்களுக்கோ, தனி ஆசிரியர் இல்லை, காலமும் கடந்துவிட்டது என்ற காரணங்களால் அந்த இடம் இல்லை. இதனை நியாயம் என்று எவ்வாறு ஏற்பது?

எல்லாவற்றையும் ஆவணப்படுத்திவிட்டால் போதும் என்பாரும் உளர். அமெரிக்காவில் மஞ்சளை மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அளிக்கப்பட்ட காப்புரிமை, பழைய ஆவணங்களின் சாட்சியத்தால் 1997-ல் ரத்தானது மெய்யே. ஆனால் மருந்து விஷயத்தில் கேடயமான ஆவணம், பூத்தையல் விஷயத்தில் இயந்திரத்துக்குப் பாடப்புத்தகமாகிறது. பழங்கலைகள் மனித குலத்தின் பொதுச்சொத்து என்னும் வாதமும் கேட்கிறது. குன்னூரில் ஒரு மாணவி அக்கோலத்தைக் கண்டு தானும் ஊசி எடுப்பதை நான் ஒருபோதும் தடுக்கச் சொல்லேன். சம்மதமும் கேளாமல், பங்கும் தராமல், வியாபாரத்துக்காக மொத்தமாக வாரிச் செல்வது வேறு காரியம்.

வழி இல்லாமலும் இல்லை. பனாமா தேசம் 2000-ஆம் ஆண்டில் இயற்றிய 20-ஆம் எண் சட்டம், கூனா குலப் பெண்கள் தைக்கும் ‘மோலா’ போன்ற ஆதிகுடிக் கலைகளின் உரிமையைத் தனி மனிதருக்கன்றிக் குலத்துக்கே பொதுவாக வழங்குகிறது. ஆசிரியர் யார், இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. அதைப்போன்றதொரு சட்டத்தை நம் பாராளுமன்றம் இயற்ற வேண்டும். இயந்திரத்துக்குப் பயிற்றுவிக்க அக்கோலங்களை எடுப்பவர் தோடர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெறவேண்டும் என்பதும், வருவாயில் அவர்களுக்குப் பங்கு அளிக்கவேண்டும் என்பதும், மறுக்கும் அதிகாரம் மந்துகளுக்கே உரியது என்பதும் அதில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும்.